பொன்னிறத் தகடும் பச்சைத் தகடும்

எங்கள் வீட்டுப் பூசை மாடத்தில், அம்மன் படத்தின் அடியில், ஒரு குறுந்தகடு சாய்ந்து நிற்கிறது. அதன் நிறம் பொன். மேற்புறத்தில் சென்னை மருத்துவமனை ஒன்றின் முத்திரையும் என் துணைவியின் பெயரும் அச்சிடப்பட்டுள்ளன. பெயரின் பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு. கணினியில் இட்டால் தகடு சுழலும், சிறிது முனகும், பின்பு வெளியே வந்துவிடும். படிக்கத்தக்கது எதுவும் அதில் இப்போது இல்லை. ஒரு காலத்தில் என் துணைவியின் நெஞ்சு அதில் துடித்துக்கொண்டிருந்தது. இது உவமை அன்று.

அவள் பீஜித் தீவுகளில், லம்பாசாவில் கரும்புக் குடியானவர் வீட்டில் பிறந்தவள். சிறுமியாக இருந்தபோது மூட்டுகள் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாள். வயலில் வெட்டு நடந்த காலம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்துப் படுக்க வைப்பார்கள், அவ்வளவுதான். காய்ச்சல் போயிற்று. போகிற போக்கில் நெஞ்சின் உள்ளே இருக்கும் இதழ்க்கதவு ஒன்றைத் தடிக்கச் செய்துவிட்டுப் போயிற்று. அது எங்களுக்குத் தெரிய வந்தபோது அவளுக்கு நடுவயது கடந்திருந்தது. அப்போது நாங்கள் லௌதோக்கா நகரை அடுத்த நடபுவாவில் குடியிருந்தோம்; நான் பள்ளியொன்றில் வேதியியல் கற்பித்துவந்தேன்.

ஈராயிரமாம் ஆண்டில் துப்பாக்கி ஏந்தியவர்கள் தலைநகர் சூவாவில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, உள்ளே இருந்தவர்களைப் பிணையாக வைத்துக்கொண்ட அந்த மாதங்களில், அவளால் எங்கள் வீட்டு வாசற்படிகளை ஒரே மூச்சில் ஏற முடியவில்லை. மின்சாரம் முறை வைத்து வந்தது. வானொலியைக் கேட்பதற்காக அண்டை வீட்டார் எங்கள் கூடத்தில் கூடுவார்கள். யார் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள் என்பதே பேச்சாக இருக்கும். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே உறங்கப் பழகிக்கொண்டாள். நகரில் தனியே மருத்துவம் பார்த்துவந்த நெஞ்சக மருத்துவர் ஒருவர் எங்களைச் சென்னைக்கு அனுப்பினார். தொடையின் குருதிக்குழாய் வழியே ஒரு சிறு பலூனைச் செலுத்தி, ஒட்டிக்கொண்ட இதழ்களை விரித்துவிடுவார்கள் என்றார்.

கரும்புத் தோட்டக் கூலியாக அவளுடைய முப்பாட்டன் பீஜிக்குக் கப்பலேறிய ஊர் சென்னை. அவள் அங்கே கண்டதெல்லாம் ஒரு சன்னலும் அதற்கு வெளியே நின்ற ஒரு வேப்பமரமுந்தாம். ஆனால் அவளுடைய பேச்சைக் கேட்பதற்கென்றே செவிலியர் வந்துபோனார்கள்.

"எந்த ஊரும்மா உங்களுக்கு? எங்க ஆயா பேசுற மாதிரியே பேசுறீங்க."

"பீஜித் தீவுங்க."

"பீஜியிலேயும் மாரியம்மன் இருக்காளா?"

"இல்லாம? எங்க ஆளுங்களோட அவளும்தான் கப்பல்லே வந்தா. டிக்கெட்டு வாங்கினாளான்னுதான் தெரியலே."

சிகிச்சை முடிந்த மறுநாள் ஓர் இளம் மருத்துவர் எங்களைக் கணினித் திரையின் முன் அமர்த்திப் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறப் பரப்பில் நிழல்போல ஒன்று சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. பலூன் உள்ளே சென்று, நடுவே இடை சிறுத்த உடுக்கைபோல் உப்பி நின்றது. அடுத்த நொடி அந்த இடை மறைந்தது. இதழ்கள் பிரிந்துவிட்டன என்றார். அதன்பின் ஒலியலை கொண்டு எடுத்த படத்தில் கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது என்பதைக் கோடு போட்டுக் காட்டினார். எல்லாவற்றையும் ஒரு தகட்டில் பதித்து எங்களிடம் தந்தார்.

அவள் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"என் நெஞ்சு இதுக்குள்ளேயா இருக்கு?"

"நெஞ்சில்லே. நெஞ்சோட படம்" என்றேன்.

"சாமி படமும் படம்தானே? அதுக்கு நாம வெளக்கு வெக்கலையா?"

அவள் ஊர் திரும்பியதும் தகடு பூசை மாடத்துக்குப் போயிற்று.

இங்கே அவளுடைய வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குள் புதிதாக நுழைந்த எதுவும் பொட்டு இல்லாமல் புழக்கத்துக்கு வந்ததில்லை. அரிசி வேகவைக்கும் மின்பானை, கரும்பு வெட்டும் கத்தி, என் மிதிவண்டி, தொலைபேசி ஆகிய எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. அவள் மட்டுமல்லள், நம்மவர் எல்லோரும் அப்படித்தான். ஆயுத பூசையன்று பள்ளியின் ஆய்வுக்கூடத்தையும் விட்டுவைக்க மாட்டார்கள். ஓர் ஆண்டு நுண்தராசின் தட்டில் யாரோ பொட்டு வைத்துவிட, அந்த வாரம் முழுவதும் மாணவர்களின் எடைக்கணக்கு ஒரே அளவாகப் பிசகிற்று. பிசகு பொட்டின் எடைதான் என்று கண்டுபிடித்தவர்களுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

தகட்டுக்குப் பொட்டு வைக்கும் முன் அவள் என்னைக் கேட்டாள்.

"ஏங்க, இதுக்கு மொகம் எது, முதுகு எது?"

"கணினி படிக்கிறது பளபளப்பா இருக்கிற பக்கம். அதுலே கை படக் கூடாது."

"கை படக் கூடாதுன்னா அது காலு. பேர் இருக்கிற பக்கம்தான் மொகம்."

அவ்வாறு முகம் முடிவாயிற்று. பளபளப்பான பக்கத்தின் கீழே சிறு பட்டுத் துணியை விரித்து, பெயருக்குப் பக்கத்தில் பொட்டு வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் காய்ந்துபோன பழைய பொட்டை நகத்தால் மெல்லச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்துவிட்டு, புதியதை இடுவாள். அம்மன் படத்துக்குச் செய்வதையே அதற்கும் செய்தாள். பார்த்தவர் யாரும் அதில் தவறு காணவில்லை. ஊரில் எல்லோரும் தகட்டின் பளபளப்பான முகத்தையே போற்றிப் பாதுகாத்தார்கள். மறுபுறத்தில் பேனாவால் எழுதினார்கள், காகிதம் ஒட்டினார்கள், தேநீர்க் குவளையைக்கூட வைத்தார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். மறு ஆண்டு அவளும் அவள் கணவரும் ஆக்லாந்துக்குக் குடிபெயர்வது என்று முடிவாயிற்று. அந்த ஆண்டில் எங்கள் தெருவில் விற்பனைப் பலகை தொங்காத வீடுகளே அருகியிருந்தன. மகள் புறப்படுமுன் தகட்டுக்குப் படி எடுத்துவிட வேண்டும் என்று நான் நினைத்தேன். அப்போதெல்லாம் பள்ளி நூலகத்துக்கு அயல்நாட்டு அறிவியல் இதழ்கள் காலந்தாழ்ந்தேனும் வந்துகொண்டிருந்தன. எழுதத்தக்க குறுந்தகடுகளின் சாயங்கள் பற்றி அவற்றுள் ஒன்றில் படித்திருந்தேன்.

அச்சடித்த பாட்டுத் தகட்டில் செய்தி குழிகளாகவே வார்க்கப்பட்டிருக்கும். நாம் வீட்டில் எழுதும் தகட்டில் அப்படியில்லை. அதன் உள்ளே மெல்லிய சாயப்படலம் ஒன்று உண்டு. லேசர் என்னும் சீரொளி அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுடுகிறது. சுட்ட இடமும் சுடாத இடமும் சேர்ந்ததே செய்தி. ஆகவே சாயத்தின் ஆயுள் எவ்வளவோ அவ்வளவே தகட்டின் ஆயுளும். முதலில் வந்தது சயனின் என்னும் சாயம். அது நீலமானது, பின்னால் உள்ள உலோகப் படலத்தோடு சேர்ந்து பச்சையாகத் தோன்றும். எந்த எழுதுகருவிக்கும் இணங்கும். ஆனால் வெயில் பட்டால் வெளுக்கும், வெப்பத்தில் நலியும். அதற்குப் பின் வந்தவற்றுள் அசோ சாயம் ஆழ்ந்த நீலம், ஒளியைத் தாங்கும். தாலோசயனின் ஏறத்தாழ நிறமற்றது. அதன் பின்னே பொன் படலம் இருந்தால் தகடே பொன்னாகத் தெரியும். மூன்றிலும் நெடுநாள் நிலைப்பது அது என்று எழுதியிருந்தார்கள். சென்னையில் தந்த தகடு அந்த வகை. அதை அறிந்தபோது என் நெஞ்சு சற்றே நிமிர்ந்தது.

லௌதோக்கா நகரில் படத்தகடு விற்கும் கடையொன்றில் படி எடுத்துத் தருவார்கள். கடைக்காரர் நம்மவர். தமிழும் இந்தியும் கலந்து பேசுவார்.

"மாஸ்டர், பச்சை வேணுமா, நீலம் வேணுமா? பச்சை சஸ்தா. நீலம் கொஞ்சம் வெலை."

"நீலமே ரெண்டு கொடுங்க."

"நீலம் ஒண்ணுதான் இருக்கு. அடுத்த கப்பலுக்குத்தான் வரும். பச்சை மூட்டையா இருக்கு."

"பச்சை நிலைக்காதுப்பா. சாயம் வெளுத்துடும்."

"என்ன மாஸ்டர், சேலையா கட்டப் போறீங்க? சினிமா பார்க்குறவங்க எல்லாம் பச்சையிலேதான் பார்க்குறாங்க. ஒருத்தரும் சாயம் போச்சுன்னு திருப்பிக் கொண்டாந்ததில்லே. திருப்பிக் கொண்டார்றதுக்கு ஊர்லே யார் இருக்கா? வாங்கினவன் எல்லாம் சிட்னியிலே இருக்கான்."

ஒரு நீலமும் ஒரு பச்சையும் எழுதி வாங்கினேன். நீலத்தை, எங்களைச் சென்னைக்கு அனுப்பிய மருத்துவரிடம் கொடுத்தேன். அவளுடைய நெஞ்சை ஆண்டுதோறும் பார்ப்பவர் அவர், அவரிடம் நல்லது இருக்கட்டும் என்று. பச்சையை மகளுக்குக் கொடுத்தேன். அங்கே போனதும் நல்ல தகடு வாங்கி மாற்றி எழுதிக்கொள் என்றேன். சரி என்றாள். பெட்டி கட்டும் பரபரப்பில் சொல்லப்படும் சரிக்கு எவ்வளவு பொருள் உண்டோ அவ்வளவே.

நாடி விமான நிலையத்துக்குப் புறப்படும் காலையில் மகள் தாயைச் சீண்டினாள். அவளுக்குத் தமிழ் தாயிடம் பேசும் அளவுக்கு மட்டுமே வரும்.

"அம்மா, சீடிக்குப் பொட்டு வெச்சிருக்கீங்க. நல்லா கேட்டுக்கோங்க, என் பாஸ்போர்ட்டை விட்டுடுங்க."

"அதுக்கு நேத்தே வெச்சுட்டேனே."

மகள் பதறிப்போய்ப் பையைத் திறந்தாள். அட்டையின் உட்புறத்தில் கடுகளவு குங்குமம் இருந்தது. அதை அவள் துடைக்கவில்லை. கதவருகே நெடுநேரம் தாயைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அதன்பின் ஆண்டுகள் எப்படியோ சென்றன. என் துணைவி படியேறினாள். கோயில் விழாவுக்குச் சமைத்தாள். தீமிதிக்கு விரதம் இருப்பவர்களுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். ஆக்லாந்தில் பேத்தி பிறந்தாள். தொலைபேசியில் அக்குழந்தை ஆங்கிலமும் இந்தியுமாகப் பேசும். இவள் தமிழில் விடை சொல்லுவாள். இருவருக்கும் மற்றவர் சொல்வது பாதிதான் புரியும். ஆனாலும் நெடுநேரம் பேசுவார்கள். மகளோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் எஞ்சிய நாள்களைக் கழிக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர அவள் வேறெதையும் வேண்டியதாக எனக்குத் தெரியவில்லை. அதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆக்லாந்தில் குளிர் அதிகமோ, அங்கே முருங்கை வளருமோ என்று கேட்பாள். அதிலிருந்து நான் தெரிந்துகொண்டேன்.

ஈராயிரத்து ஆறாம் ஆண்டின் இறுதியில் படைத்தலைமை ஆட்சியைக் கைப்பற்றிய செய்தி வந்த அன்று, மகள் தொலைபேசியில் அழைத்து இந்தி கலந்து பேசினாள்.

"அப்பா, அப் பஸ். இனிமே போதும். எத்தனை தடவை பார்ப்பீங்க? வந்துடுங்க. நான் பேப்பர் போடுறேன்."

விண்ணப்பம் போட்டாள். மற்ற எல்லாம் சரியாக இருந்தன. தடை ஒன்றே: என் துணைவியின் நெஞ்சு. குடியேறுபவரின் உடல்நிலையை அந்நாட்டார் நுணுகிப் பார்ப்பார்கள். சூவாவில் இருந்த நெஞ்சக மருத்துவர் ஒருவர் அவளைப் பரிசோதித்து அறிக்கை தரவேண்டும். அவர் அமைதியாகப் பேசும் மனிதர். புதிதாக ஒலியலைப் படம் எடுத்துப் பார்த்தார். பழைய மருத்துவமனைக் குறிப்பில் விளைவு நன்று என்று மட்டும் இருந்தது, அளவு இல்லை. சிகிச்சை முடிந்தபோது கதவு எவ்வளவு திறந்தது, இப்போது எவ்வளவு திறக்கிறது என்று ஒப்பிட்டால்தான் நோய் நின்றுவிட்டதா, வளர்கிறதா என்று உறுதியாக எழுத முடியும் என்றார். நின்றுவிட்டது என்று எழுத முடிந்தால் விண்ணப்பம் தேறக்கூடும். பழைய படத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

"வீட்டுலே இருக்கு. சாமிகிட்டே பத்திரமா இருக்கு" என்றாள் என் துணைவி. அவள் முகத்தில் அன்று இருந்த தெளிவை நான் பல காலம் கண்டதில்லை.

நடபுவாவுக்குத் திரும்பியதும் விளக்கேற்றி வணங்கிவிட்டு, தகட்டைத் தானே எடுத்து என் கையில் கொடுத்தாள். கணினி அதைச் சுழற்றியது, நிறுத்தியது, மீண்டும் சுழற்றியது, வெளியே தள்ளிற்று. துடைத்துவிட்டு மறுபடி இட்டேன். பளபளப்பான பக்கம் ஒரு கீறலும் இல்லாமல் குளத்து நீர்போல் இருந்தது. என்ன என்று அறியாமல் தகட்டைச் சன்னலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தேன். பெயரின் அருகில், பொட்டு இருந்த இடத்தைச் சுற்றி, வெளிச்சம் உள்ளே வந்தது. ஊசி குத்தியதுபோன்ற துளைகள் கொத்தாக இருந்தன. நடுவில் நகத்தளவு இடம் முழுவதுமாகவே உரிந்து, கண்ணாடிபோல் தெளிந்திருந்தது.

தகட்டின் அமைப்பை அப்போதுதான் நான் சரியாக எண்ணிப் பார்த்தேன். சீரொளி நுழையும் பளபளப்பான பக்கத்தில் கெட்டியான நெகிழி கவசமாக இருக்கிறது. அங்கே சிறு கீறல் பட்டால் பெருந்தீங்கு இல்லை. சாயமும் பொன் படலமும் அந்தக் கவசத்துக்கு அப்பால், பெயர் அச்சிட்ட பக்கத்தை ஒட்டியே இருக்கின்றன. அவற்றின் மேல் இருப்பது மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றே. சந்தனத்தின் ஈரம், குங்குமத்தில் உள்ள சுண்ணம், வெள்ளிதோறும் நகம்: பூச்சு தேய்ந்தது, பொன் உதிர்ந்தது, பொன்னோடு சாயமும் போயிற்று. சாயம் வெளுக்கவில்லை. பொன் கறுக்கவில்லை. இதழ் எழுதியவர்கள் அவற்றைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மையே.

அவள் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஓட்டை எல்லாம் பொட்டு வெச்ச எடமா?"

நான் தகட்டைச் சன்னலிலிருந்து இறக்கினேன்.

"சொல்லுங்க. இத்தனை வருசமா என் நெஞ்சை நானேதான் சுரண்டிக்கிட்டிருந்தேனா?"

"மேல்பூச்சு மெலிசு. யாருக்கும் தெரியாது" என்றேன்.

"அவளுக்குத் தெரியுமில்லே" என்று அம்மன் படத்தைக் காட்டினாள். பிறகு அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்று பாத்திரம் விழுந்த ஓசைகூட வரவில்லை.

நீலத் தகட்டைத் தேடிப் போனேன். அதை வாங்கி வைத்துக்கொண்ட மருத்துவர் முன்னரே ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்திருந்தார். அவருடைய மருத்துவ அறை இருந்த இடத்தில் கைப்பேசி விற்றுக்கொண்டிருந்தார்கள். அவருடைய முகவரி தெரிந்தவர்களும் புறப்பட்டுப் போயிருந்தார்கள். மூன்றில் நடுத்தரமான அந்தச் சாயம் எந்த நாட்டின் எந்தப் பெட்டியில் இன்றும் தெளிவாக இருக்கிறதோ, நான் அறியேன். சென்னைக்கு எழுதிக் கேட்டேன். அவ்வளவு பழைய படங்கள் தங்களிடம் இல்லை என்று பணிவாக விடை வந்தது.

எஞ்சியது பச்சை. மகளை அழைத்தேன்.

"எந்த சீடி, அப்பா?"

"நீ போறப்போ குடுத்தேனே. அம்மாவோட நெஞ்சுப் படம். நல்ல தகட்டுக்கு மாத்தி எழுதிக்கச் சொன்னேன்."

அந்தப் பக்கம் இழுப்பறைகள் திறந்து மூடும் ஓசை கேட்டது. பிறகு, "மாத்தலே, அப்பா" என்றாள். "எங்கே வெச்சேன்னும் தெரியலே."

அவள் தேடிய வாரத்தில் என் துணைவி தொலைபேசியின் பக்கமே வரவில்லை. மணி அடித்தால் தோட்டத்துக்குப் போய்விடுவாள். எனக்கும் நம்பிக்கை இல்லை. கிடைத்தாலும் அது சயனின். எங்கேனும் சன்னலோரம் வெயிலில் கிடந்திருந்தால் வெறும் வளையமாகத்தான் இருக்கும்.

தகடு அவர்கள் வீட்டு வண்டிக் கொட்டகையில் கிடைத்தது. திருமணத்துக்கு நாங்கள் கொடுத்த பித்தளைக் குடம் ஒன்று அங்கே பெட்டியைவிட்டு வெளியே வராமலே கிடந்திருக்கிறது. இங்கிருந்து கட்டிய செய்தித்தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. குடத்துக்குள், துணியில் சுற்றியபடி, பச்சைத் தகடு. ஆக்லாந்தின் குளிரில், ஒளியே புகாத இருட்டில், யார் கையும் படாமல் அது இருந்திருக்கிறது. நலிவான சாயத்துக்கு அதைவிட நல்ல உறைவிடத்தை எந்த ஆய்வுக்கூடமும் அமைத்துத் தந்திருக்க முடியாது.

"தொறந்துடுச்சு, அப்பா. ரொம்ப ஸ்லோவா வருது, ஆனா எல்லாம் இருக்கு. அம்மாவைக் கூப்பிடுங்க."

அன்று என் துணைவி தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். "அந்தக் கொடத்தை இன்னும் தொறக்கவே இல்லையாடி நீ?" என்பதே அவள் கேட்ட முதல் கேள்வி. அதைக் கேட்கும்போதே அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

தகட்டை அஞ்சலில் அனுப்ப மகளுக்கு மனம் வரவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு அவளே கொண்டுவந்தாள். நாடியில் இறங்கியபோது கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். மறுநாள் மூவரும் சூவாவுக்குப் போனோம். வழி நெடுகிலும் தாயும் மகளும் ஆக்லாந்து வீட்டில் எந்த அறை யாருக்கு என்று பேசிக்கொண்டு வந்தார்கள். குளிரைப் பற்றி அன்று பேச்சே எழவில்லை.

மருத்துவர் பழைய படத்தை ஒரு பக்கமும் புதிய படத்தை ஒரு பக்கமும் திரையில் வைத்தார். இரண்டு நெஞ்சுகள் அருகருகே துடித்தன. ஒன்று சென்னையில் வேப்பமரத்துக்கு எதிரே துடித்தது. மற்றது இப்போது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அவர் பழையதன் குறுக்கே ஒரு கோடு போட்டார், புதியதன் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோடுகள் சமமாக இல்லை. அதைக் காண்பதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

அவர் இந்தியில், நிதானமாகச் சொன்னார். கதவு மறுபடியும் ஒட்டத் தொடங்கிவிட்டது. இன்னும் மூச்சுத் திணறல் வரவில்லை என்றாலும் வரும். தாம் காண்பதைத்தான் தாம் எழுத முடியும். ஆனால் இப்போதே தெரிந்ததால், முற்றுவதற்கு முன் இன்னொரு முறை பலூன் செலுத்திப் பார்க்கலாம். என் துணைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவருக்குக் கைகூப்பினாள்.

திரும்பும் வழியில் லாமியில், கடலோரத்தில் வண்டியை நிறுத்தினோம். இளநீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். அலை இல்லாத கடல். துருப்பிடித்த ஒரு படகு சாய்ந்து கிடந்தது. மகள் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"நான் அதைத் தேடியிருக்கவே கூடாது" என்றாள். "கெடைக்கலேன்னு சொல்லியிருக்கலாம். புதுப் படம் மட்டும் பார்த்து ஏதோ எழுதியிருப்பாரு. நான்தான் கொண்டாந்து குடுத்தேன்."

"பொய் சொல்லிட்டு அங்கே வந்து, உன் வீட்டுலே மூச்சு முட்டி விழுந்தா?" என்றாள் தாய். "அந்தக் கொழந்தை பார்க்குமே."

"நான் இங்கே வந்துடுறேன், அம்மா."

"நல்லாருக்கு. எல்லாரும் போற ரோட்டுலே நீ மட்டும் எதிர்லே வா. எளநி குடி. சூடாயிடும்."

மகள் குடித்தாள். என் துணைவி அவள் கையிலிருந்த வெறுங்காயை வாங்கி, உள்ளிருந்த வழுக்கையை ஓட்டுச் சில்லால் வழித்து ஊட்டினாள். சின்னஞ்சிறு வயதில் ஊட்டியதுபோல் அல்ல. நெடுநாள் ஊட்ட முடியாது என்று தெரிந்தவள் ஊட்டுவதுபோல. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுப்பு வந்தது. எதிர்பார்த்ததே. மறு ஆண்டு சென்னைக்குப் போனோம். இதழ்கள் இரண்டாம் முறையும் விரிந்தன. காலத்தில் தெரிந்ததால்தான் அது முடிந்தது என்று அங்கிருந்த மருத்துவர்கள் சொன்னார்கள். பச்சைத் தகடு அந்த உதவியைச் செய்தது. அது எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதும் எங்களுக்குக் கொடுத்ததும் ஒரே செய்தியால்தான்.

சென்னையில் இம்முறையும் ஒரு தகடு தந்தார்கள். ஊர் திரும்பியதும் அவள் அதை உறையோடு என்னிடம் நீட்டினாள்.

"இது உங்க சாமான். எந்தச் சாயமோ, எந்த இருட்டோ, நீங்களே வெச்சுக்கோங்க. எனக்கு என்னுது இருக்கு."

அவளுக்குரியது என்று அவள் சொன்னது, மாடத்தில் இருந்த பொன் தகடு. அதில் எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் முன்போலவே சுரண்டினாள், துடைத்தாள், இட்டாள். துளைகள் பெருகின. காலையில் சன்னல் வழியே வெயில் விழும்போது தகட்டின் பின்னே சுவரில் சிறு சிறு ஒளிப்புள்ளிகள் தெரியும். அவற்றை அவள் கவனித்திருந்தாளா என்று நான் கேட்டதில்லை.

மகள் ஆண்டுக்கொரு முறை பேத்தியோடு வந்துபோனாள். பச்சைத் தகட்டை அவள் மறுபடியும் அந்தக் குடத்திலேயே வைத்துவிட்டாள்; அம்மாவின் கட்டளை அது. நல்ல தகட்டுக்கு மாற்றி எழுதச் சொல்லி நான் மறுபடி வற்புறுத்தவில்லை.

என் துணைவி நடபுவாவில், இதே வீட்டில், உறக்கத்தில் காலமானாள். இரண்டாம் சிகிச்சைக்குப் பின் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து உறங்க வேண்டிய தேவை ஏற்பட்டதே இல்லை. இறுதிக் கடன்களுக்கு மகள் வந்தாள். எல்லாம் முடிந்தபின் பூசை மாடத்தைத் துடைத்து ஒழுங்குபடுத்தினாள். தகட்டைக் கையில் எடுத்து, பழைய பொட்டின் மேல் நகத்தை வைத்தாள். வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, இதை எடுத்துட்டுப் புதுசு வெக்கணுமா?"

வேண்டாம் என்றேன். அவள் தகட்டைப் பட்டுத் துணியின் மேல் முன்போலவே சாய்த்து வைத்தாள். மாடத்தில் விளக்கு எரிகிறது. வெள்ளிக்கிழமைகளில் அம்மன் படத்துக்கு மட்டும் புதிய பொட்டு இடுகிறேன். தகட்டில் இருப்பது அவள் கடைசியாக வைத்தது. காய்ந்து, ஓரம் கறுத்து, இன்னும் உதிராமல் இருக்கிறது.